பெரிய ரேடியோ, சின்ன ரேடியோ

தையல்காரம்மாவுக்கு இரண்டு பெண்கள். இரண்டும் வாயாடிகள். சும்மா சொல்லவில்லை, பஸ் ஸ்டாப்பில் ஐந்து நிமிடம் நின்றால் பக்கத்தில் நிற்பவரின் மாமியார் சண்டை வரைக்கும் தெரிந்துகொண்டு வருகிற ரகம். மாடி வீட்டுக்காரர் பெரிய ரேடியோ, சின்ன ரேடியோ என்று அவர்களுக்குப் பெயர் வைத்து முப்பது வருடம் ஆகிறது. இருவருக்கும் ஒரே சிரிப்பு, ஒரே தொண்டை. போனில் ஒருத்தி "அம்மா" என்று கூப்பிட்டால், பேசுவது எந்த ரேடியோ என்று கண்டுபிடிக்கத் தையல்காரம்மாவுக்கு நாலு வாக்கியமாவது வேண்டும். பெற்றவளுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்?

இருவருக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் இருக்கக்கூடும் என்று அவள் நினைத்ததே இல்லை. நினைக்கும்படி ஆனது அவள் கணவருக்குப் பேச்சு போன பிறகுதான்.

அவர் சர்வேயர், நிலம் அளக்கிறவர். வீட்டில் மூன்று பெண்களும் பேசுகிற பேச்சை ஈடுகட்டவோ என்னவோ, வார்த்தையை எண்ணித்தான் செலவழிப்பார். ஆனால் அளவு தப்பாகக் காதில் விழுந்தால் மட்டும் அவரால் பொறுக்க முடியாது. "பத்து நிமிஷ நடைதான்" என்று யாராவது சொன்னால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே "பதினாலு" என்பார். கல்யாண வீட்டுக்கு ஆயிரம் பேர் வந்ததாகச் சின்னவள் அளந்து விட்டால், "முன்னூத்திப் பத்து நாற்காலி" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அவ்வளவுதான் அவர் பேச்சு.

அதுவும் இரண்டு மாதத்துக்கு முன்னால் நின்றுபோனது. பக்கவாதம். வலது கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துவிட்டது, கோப்பையைப் பிடிக்கிறார், சட்டைப் பொத்தான் போடுகிறார். சொல்வதெல்லாம் புரிகிறது. வாய் மட்டும் வரமாட்டேன் என்கிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனாள்: முதல் சில மாதங்கள் முக்கியம், அவரைச் சுற்றிப் பேச்சு இருக்கட்டும், ஆனால் வற்புறுத்தக் கூடாது. தையல்காரம்மாவின் காதில் முதல் இரண்டும் நன்றாக ஏறின. மூன்றாவது எங்கேயோ நழுவிவிட்டது.

இந்த நேரம் பார்த்து அவளுடைய முழங்கால் மக்கர் செய்தது. முப்பத்தைந்து வருடம் தையல் மெஷினை மிதித்த கால். ஆபரேஷன் தேதியை இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று, இனி தள்ளினால் நடக்கவே முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பத்து நாள் ஆஸ்பத்திரி, அதன் பிறகு ஒரு மாதம் வீட்டில் படுக்கை. அதுவரை சர்வேயருடன் ஒரு பெண் வந்து இருக்க வேண்டும். நான் வருகிறேன், நான் வருகிறேன் என்று இருவரும் போட்டி போட்டார்கள்.

அவள் பெரியவளைத் தேர்ந்தெடுத்தாள். பெரியவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். தாடை வீங்கி வாயைத் திறக்க முடியாமல் வருகிறவர்கள்கூட அவளிடம் தங்கள் சொந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கல்லையும் பேச வைப்பாள். சின்னவளோ கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். வண்டி கிளம்பியதில் இருந்து நிற்கும் வரை அவள்தான் பேசுவாள். பழக வந்தவர்கள் அந்தப் பேச்சில் பயப்படக்கூட நேரமில்லாமல் ஓட்டக் கற்றுக்கொண்டு போய்விடுவார்கள். இவள் வந்தால் மனுஷன் வாயைத் திறந்தாலும் ஒரு வார்த்தை நுழைய இடம் இருக்காது என்று தையல்காரம்மா கணக்குப் போட்டாள். அதை அப்படியே சின்னவளிடம் சொல்லியும் விட்டாள்.

"சரிம்மா" என்றாள் சின்னவள். அவள் ஒரே வார்த்தையில் பேச்சை முடித்தது அதுதான் முதல் தடவை. அப்போதே அம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் ஆபரேஷன் அவசரத்தில் அதைத் தள்ளி வைத்துவிட்டாள்.

பெரியவள் வந்தாள். அப்பாவை அவள் பார்த்துக்கொண்டதில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. மாத்திரை நேரத்துக்கு, குளியல் நேரத்துக்கு. ஆனால் அவளுக்குப் பேச்சு என்றால் கேள்விதான். "டீயாப்பா, காபியாப்பா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அவர் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் காத்திருப்பாள். அவர் முயற்சி செய்வார். உதடு கோணும், கழுத்து நரம்பு புடைக்கும், ஏதோ ஒரு சத்தம் தொண்டை வரைக்கும் வந்து நிற்கும். "சொல்லுங்கப்பா, வந்துடும், வந்துடும்" என்பாள். வராது. ஜன்னலைத் திறக்கவா, மூடவா? இந்தச் சட்டையா, அந்தச் சட்டையா? ஒரு நாளைக்கு இருபது பரீட்சை, இருபதிலும் அவர் தோற்றுப்போனார்.

தையல்காரம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்த அன்று, பெரியவள் டீயோடு அறைக்குள் போனதும் அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வதைப் பார்த்தாள். பெரியவள் கோப்பையை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை கேட்காது என்று நினைப்பு.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்? எதிர்ல இருக்கறவங்க பதிலே சொல்லலைன்னா எனக்கு மூச்சு முட்டுதும்மா. அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையா?"

தையல்காரம்மா மகள் தலையைத் தடவிக் கொடுத்தாள். மனசுக்குள் மட்டும் நாள்களை எண்ணினாள். மூன்றாவது மாதம் முடியப் போகிறது. அந்தக் குரலை இனி கேட்கவே மாட்டோமோ என்ற பயம் அன்றைக்குத்தான் அவளுக்கு வந்தது.

பெரியவளுக்கு லீவு முடிந்தது. அவளுக்குப் பதிலாகச் சின்னவள் வந்தாள். "சரிம்மா" சொன்ன வருத்தமெல்லாம் அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள். வழியில் பார்த்த விபத்து, புதிதாகப் பழக வந்திருக்கும் பல் டாக்டர், அவர் பிரேக் என்று நினைத்து வைப்பரைப் போட்ட கதை. அப்பாவின் கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துணி மடித்துக்கொண்டே பேசினாள். ஒரு கேள்வி கிடையாது. டீ வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. எது கைக்கு வந்ததோ அதைப் போட்டுக் கொடுத்தாள், அவரும் குடித்தார். முன்னறையில் காலை நீட்டிப் படுத்திருந்த தையல்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்சம் இடைவெளி விடுடி என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தாமல் விட்டதற்கு ஒரே ஒரு காரணம்தான். கதவிடுக்கு வழியாகப் பார்த்தால் சர்வேயர் சுவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் சின்னவள் அந்தச் சுவர்க் கதைக்கு வந்தாள்.

அது அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான கதை. சின்னவளுக்கு ஆறு வயது, பெரியவளுக்குப் பத்து. பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சுவர்மேல் சின்னவள் ஏறிவிட்டாள், இறங்கத் தெரியவில்லை. பெரியவள் ஓடிப்போய், பக்கத்துத் தெருவில் அளந்துகொண்டிருந்த அப்பாவைக் கூட்டி வந்தாள், அவர் தூக்கி இறக்கினார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் சின்னவளுக்கு வயது ஏற ஏறச் சுவரும் வளர்ந்தது. காலேஜ் நாளில் பத்தடி, அவள் கல்யாணத்தின்போது பன்னிரண்டு. சர்வேயர் மறுநாளே டேப்போடு போய் அந்தச் சுவரை அளந்துவிட்டு வந்தவர். அன்று சாயங்காலம் சின்னவளை இந்த அறைக் கதவு நிலையில் நிற்க வைத்து, கையை மேலே தூக்கச் சொல்லி, விரல் நுனி எட்டிய இடத்தில் பென்சில் கோடும் போட்டார். இந்த மனுஷனுக்கு அளக்க வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று தையல்காரம்மா அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டாள். அதிலிருந்து யார் எங்கே இந்தக் கதையைச் சொன்னாலும், சுவரின் உயரம் வருகிற இடத்தில் அவர் திருத்தமும் வரும்.

"பல்லி மாதிரி நானேதான் விறுவிறுன்னு ஏறிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் சின்னவள். "மேல போய்க் கீழ பார்த்தா தலை சுத்துது. இருபது அடி, ஒரு அங்குலம் குறையாது."

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா, பெருமூச்சா என்று தெரியவில்லை. தையல்காரம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏ..." பிறகு, "ஏழு."

சின்னவள் நிறுத்தவில்லை. வண்டி ஓட்டப் பழகுகிறவன் முதன்முதலாகச் சரியாகத் திருப்பும்போது கைதட்டினால் கெட்டது குடி என்று அவளுக்குத் தெரியும். துணியை மடித்துக்கொண்டே, "போங்கப்பா, மேல உக்காந்திருந்தது நீங்களா நானா? இருபதுதான்" என்றாள்.

"ஏழு" என்றார் சர்வேயர், கோபமாக.

அப்போதுதான் சின்னவளின் குரல் உடைந்தது. "சரிப்பா. ஏழு" என்றாள். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். முன்னறையில் வாக்கர் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றது. எழுந்து ஓட முடியாமல் தையல்காரம்மா படுத்த இடத்திலேயே, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்றை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டு கிடந்தாள். வாழ்நாளெல்லாம் எரிச்சலூட்டிய அந்தத் திருத்தம் இவ்வளவு இனிக்கும் என்று யார் கண்டார்கள்?

அன்று சாயங்காலம் வரை அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருடம் இரண்டும் ரேடியோ என்றே நம்பியிருந்தாள். இல்லை. சின்னவள்தான் ரேடியோ. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது பாட்டுக்குப் பாடும், அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எந்தத் தகுதியும் வேண்டாம். பெரியவள் டெலிபோன். அந்தப் பக்கம் ஒரு குரல் இருந்தால்தான் அவளுக்கு உயிர். சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு இரண்டையும் ஒன்று என்று நினைத்தது தன் தப்பு. அந்தத் தப்பால் இரண்டு பெண்களையும் நோகடித்துவிட்டோமே என்று அவளுக்கு வேதனையாக இருந்தது.

பெரியவளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். "ரொம்ப சந்தோஷம்மா" என்றாள் பெரியவள். பிறகு, "என்கிட்ட மட்டும் ஏம்மா வரலை?" என்று கேட்டாள்.

"நீ கேட்டா பதில் சொல்லணும்னு அவருக்கு ஆசைடி" என்றாள் தையல்காரம்மா. "உன் முகத்தைப் பார்த்துட்டுத் தோக்கறது அவருக்குத் தாங்கலை. அதான் திரும்பிக்கிட்டார். அவர்கிட்ட எதையும் கேக்காதே. உனக்கு என்ன இருக்கோ அதைச் சொல்லு, போதும்."

வாக்கரை ஊன்றி மெதுவாக உள்ளே போய், ஸ்பீக்கரைப் போட்டுப் போனைக் கணவர் கையில் கொடுத்தாள். சின்னவள் அறை வாசலில் சாய்ந்து நின்றாள்.

"எப்படிப்பா..." என்று ஆரம்பித்த பெரியவள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். கேள்வி இல்லாமல் பேசுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அந்தச் சுவர்மேல அவளா ஏறலைப்பா" என்றாள் கடைசியில். "நான்தான் என் தோள்ல ஏத்தி விட்டேன். என் பென்சில் பாக்ஸை உடைச்சுட்டான்னு கோபம். ஏத்திவிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன். பாதி வழியில பயந்துபோய்த்தான் உங்களைக் கூப்பிட ஓடி வந்தேன். எல்லாரும் என்னைக் கெட்டிக்காரின்னு சொன்னாங்க. இத்தனை வருஷமா அந்தக் கதையைக் கேக்கறப்பல்லாம் எனக்கு..."

"நான் யார்கிட்டயும் சொல்லலைக்கா" என்றாள் சின்னவள், வாசலிலிருந்து, அவளுக்கே கேட்காத குரலில். உலகத்தில் ஒன்றையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள், இதை மட்டும் முப்பது வருடம் வைத்திருந்திருக்கிறாள். பல்லி மாதிரி நானேதான் ஏறினேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது இதற்குத்தான்.

சர்வேயர் மகளைப் பார்க்கவில்லை. கதவு நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை போன இடத்தைத் தையல்காரம்மாவும் பார்த்தாள். பெயின்ட் அடிக்கும்போதெல்லாம் அவர் விடச் சொல்லி விட்டிருந்த பென்சில் கோடு. அவள் தோளுயரத்தில், நாலரை அடியில். ஏழடிச் சுவரின் விளிம்புக்கு அந்தக் கை எட்டியே இருக்காது. சுவரையும் அளந்து, குழந்தையையும் அளந்து பார்த்த மனுஷன், அன்றைக்கு ஏன் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. சுவரின் உயரத்தை மட்டும்தான் அவர் திருத்தினார். குழந்தை எப்படி ஏறியது என்பதைத் திருத்தவே இல்லை.

அவர் உதடு கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. யாரும் "சொல்லுங்க" என்று சொல்லவில்லை.

"தெ..." என்றார். "தெரியும்."

அந்தப் பக்கத்தில் பெரியவள் விசும்புவது கேட்டது. என்ன தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. சர்வேயர் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், அவளுக்குச் சரியாகக் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சொன்னார்.