மாமனார் பில்லில் மாப்பிள்ளை பாயிண்ட்

டேவிட்டின் பர்ஸில் பணம் இருக்குமோ இல்லையோ, கார்டு இருக்கும். மெட்ரோ ரயிலுக்கு ஒன்று, மாநகர பஸ்ஸுக்கு ஒன்று, பெட்ரோல் பங்குக்கு, மளிகைக்கு, மருந்துக்கு, செருப்புக் கடைக்கு என்று தனித்தனியாக. கிண்டியில் ஒரு டீக்கடைக்காரர் அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுப்பார், பத்தாவது டீ சும்மா. அந்த அட்டையும் பர்ஸில்தான். பின்பாக்கெட்டில் அந்தப் பர்ஸை வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் அவனால் உட்கார முடியும்.

சென்னையில் ஏசி சர்வீஸ் வேலை. நாள் முழுக்க ஊர் சுற்றுகிறவன். சில்லறைக்கு அலையாமல், வரிசையில் நிற்காமல், கார்டைக் காட்டியதும் கேட் திறந்துகொள்கிற சுகத்தைத் தியாகதுருகத்துக்கு வரும்போதெல்லாம் அம்மாவுக்கு நடித்தே காட்டுவான். "நம்ம வூட்டு கேட்டு தள்னாவே தொறந்துக்கும்டா, அதுக்கு எதுக்கு கார்டு?" என்பாள் அம்மா.

இப்படிப்பட்டவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் ஷைனி, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் நர்ஸாக இருக்கிறாள். அவள் அப்பா ஆரோக்கியதாஸ், சங்கராபுரத்தை ஒட்டிய கிராமத்தில் கரும்பும் மரவள்ளியும் போடுகிறவர். பெண் பார்க்கப் போன அன்றே டேவிட் சொல்லிவிட்டான்: நகை, பணம், சீர், பாத்திரம் எதுவும் வேண்டாம். ஆரோக்கியதாஸ் இதைக் கோயில் வாசலில், உரக்கடையில், டவுன் பஸ்ஸில் என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். ஷைனிக்கும் அந்த ஒரு பேச்சில்தான் அவனைப் பிடித்துப்போனது. போனில் அவளே சொன்னாள்.

பிறகு ஜவுளி எடுக்க இரண்டு குடும்பமும் கள்ளக்குறிச்சிக்கு வந்தது. பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டும், மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் எடுக்க வேண்டும், பில் தனித்தனி. அதுதான் வழக்கம். முதல் பில் டேவிட் வீட்டுடையது. கடையின் கார்டை நீட்டினான், பாயிண்ட் ஏறியது, யாருக்கும் பிரச்சினையில்லை.

அடுத்தது பெண் வீட்டு பில். கோட்டு சூட்டோடு நிறுத்தாமல் மாப்பிள்ளையின் அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகள் என்று எல்லோருக்குமே ஆரோக்கியதாஸ் துணி எடுத்திருந்தார். பில் போடும் பெண் அவருடைய போன் நம்பரைக் கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக யோசித்து யோசித்துச் சொல்ல ஆரம்பித்தார். டேவிட்டுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை பாயிண்ட் கண் முன்னால் வீணாகப் போகிறதே.

"இருங்க மாமா, இதுலயே போட்டுக்கலாம்" என்று தன் கார்டை நீட்டிவிட்டான். கை தானாக நீண்டுவிட்டது என்றுதான் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னான்.

மிஷின் கீச்சென்றது. பில் போடும் பெண் எழுந்து நின்று கை தட்டினாள். எங்கிருந்தோ மைக்கோடு ஒருவர் வந்து, தியாகதுருகம் வாடிக்கையாளர் டேவிட் அவர்கள் சேர்த்த பாயிண்ட்டுக்குக் கடையின் சிறப்புப் பரிசாக டேபிள் டாப் கிரைண்டர் பெறுகிறார் என்று நாலு மாடிக்கும் கேட்கும்படி அறிவித்தார். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் டேவிட் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிறான். பக்கத்தில் மாமனார், கையில் பில்லோடு.

அப்போதுதான் ஷைனியின் பெரியம்மா வாயைத் திறந்தாள். "சீரு ஒண்ணும் வேணாம்னாரே மாப்ள. கிரைண்டரு மட்டும் கடையிலயே கேட்டு வாங்கிக்கினாரு போல."

எல்லோரும் சிரித்தார்கள். ஆரோக்கியதாஸும் சிரித்தார், ஆனால் மற்றவர்களைவிடச் சீக்கிரமே நிறுத்திவிட்டார். ஷைனி சிரிக்கவே இல்லை. புடவைப் பையை அம்மா பாக்கியத்திடம் கொடுத்துவிட்டு, டியூட்டி இருக்கிறதென்று மலை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பது. முதல் ஓலை வருகிற ஞாயிறு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பெண்ணின் அப்பா பங்குச் சாமியாரிடம் பெயர் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆரோக்கியதாஸ் போன் செய்தார். குரலில் கோபமில்லை, மரியாதைதான் ஜாஸ்தியாக இருந்தது. ஓலையை ஒரு மாசம் தள்ளிப்போடலாமா என்று ஷைனியிடம் கேட்டிருப்பதாகச் சொன்னார்.

டேவிட் உடனே போனை எடுத்தான். ஷைனிக்குப் போட்டான், எடுக்கவில்லை. மலையில் டவர் இல்லையா, மனசில் இடமில்லையா என்று தெரியவில்லை. கடைக்குப் போட்டான். பரிசைத் திருப்பித் தருகிறேன், பாயிண்ட்டை மாமனார் பேருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சினான். ஏறின பாயிண்ட் ஏறினதுதான் சார் என்று சொல்லிவிட்டு, இந்த அழைப்புக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று கேட்டார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். புதுக் கிரைண்டரை நம்பி அரிசி ஊறப்போட்டிருந்த அம்மா, ஆட்டுக்கல்லைக் கழுவப் போனாள்.

கள்ளக்குறிச்சியில் மலை பஸ் ஏறியதும் பழக்க தோஷத்தில் சென்னைக் கார்டை நீட்டினான். கண்டக்டர் வீரமணி அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு போட்டோ கூட இல்ல, இத வெச்சி நான் இன்னாங்க பண்றது? காசு குடுங்க. அதுக்கு லக்கேஜ் தனி."

கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் கிரைண்டர் மடியில் நிற்கமாட்டேன் என்றது. ஒவ்வொரு வளைவிலும் அது ஒரு பக்கம் சாய, பக்கத்து சீட்டில் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சாலம்மாள் என்ற மலைக்காரப் பெண்மணி ஒரு கை கொடுத்தாள். கொடுத்த கைக்குக் கூலியாகக் கதையைக் கேட்டாள். டேவிட் கார்டிலிருந்து ஓலை வரை எல்லாவற்றையும் கொட்டினான். பஸ்ஸில் பாதிப் பேர் கேட்டுக்கொண்டு வந்தார்கள். பாயிண்ட் என்றால் என்ன என்பதெல்லாம் சாலம்மாளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"பொண்ணுக்குக் குடுக்க எடுத்துக்கினு போறியா? நல்லது. எங்க மலையில மாப்ள வூடுதான் பரியம் குடுத்துப் பொண்ணு எடுக்கும். கீழ இருக்கறவங்களுக்கு இப்பத்தான் தெரிய வருது போல."

டிரைவர் கூடச் சிரித்தார்.

ராத்திரி டியூட்டி முடித்துக் காலையில் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்த ஷைனி, கிரைண்டரோடு நின்றவனைப் பார்த்து நின்றாள்.

"இது இன்னா?"

"கிரைண்டரு."

"அது தெரியுது. இங்க நாங்க மாவா ஆட்டிக்கினு இருக்கோம்?"

கை தானாக நீண்டது என்று ஆரம்பித்தான். அவள் நடுவிலேயே நிறுத்தினாள். "உங்க கை எந்தக் கடையிலதான் நீளல? நாளைக்கி என் சம்பளத்துக்கும் எதனா கார்டு வெச்சிருக்கீங்களா?"

டேவிட் பர்ஸை உருவி, வேண்டுமானால் அத்தனை கார்டையும் இங்கேயே உடைத்துப் போடுகிறேன் என்றான். அதற்குத்தான் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"எதுக்கு ஒடைக்கணும்? நாளைக்கி மெட்ராஸ் வந்தா வரிசையில நிக்க எனக்கு மட்டும் ஆசையா? கார்டு நல்லதுதான். ஆனா எங்கப்பா, மாப்ள ஒண்ணும் கேக்கலன்னு ஊரு பூரா சொல்லிக்கினு இருந்தாரு. இப்ப உரக்கடையில அவர நிக்க வெச்சி, கிரைண்டரு எத்தினி லிட்டருன்னு கேக்கறாங்க. அவருக்கு இன்னா பாயிண்ட் குடுப்பீங்க?"

டேவிட்டுக்கு உறைத்தது. இந்தக் கிரைண்டரை மலையில் கொண்டுவந்து இறக்கினால் மாமனாருக்கு என்ன ஆகப்போகிறது? கீழே, அந்த உரக்கடைக்கு எதிரில்தான் இது போய் இறங்க வேண்டும்.

"மாமா வூட்டுக்கே எடுத்துக்கினு போறேன்" என்றான். "டவுன் பஸ்லயே."

"யாராச்சும் கேட்டா?"

"மாப்ள வூட்டு சீருன்னு சொல்றேன். பொண்ணு வூட்டுக்குன்னு."

ஷைனி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு அதையும் மீறி வந்துவிட்டது. கட்டடத்துக்குப் பின்னால், டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறி அப்பாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். ஆரோக்கியதாஸ் ஒன்றுதான் கேட்டார்.

"பெருசா, சின்னதா?"

"ரெண்டு லிட்டருப்பா."

"சரி, கொண்டாரச் சொல்லு. ஆனா வூட்டு வாசல்ல எறங்க வேணாம், உரக்கடை ஸ்டாப்புல எறங்கி நடந்து வரணும். அத நான் பாத்துட்டுதான் சாமியாரண்ட பேரு குடுப்பேன்."

இருவரும் ஒன்றாகவே மலை இறங்கினார்கள். கள்ளக்குறிச்சியில் மாறிய டவுன் பஸ்ஸில் ஷைனிக்கு மகளிர் டிக்கெட், காசில்லை. டேவிட்டுக்கு ஒரு டிக்கெட், கிரைண்டருக்கு ஒன்று. ஒரு கார்டும் இல்லாமல் நான் போகிறேன் பார்த்தீர்களா என்று அவள் வழியெல்லாம் ஓட்டிக்கொண்டே வந்தாள்.

உரக்கடை வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், உரம் வாங்க வந்தவரைப் போல ஆரோக்கியதாஸ். ஒருவர் டேவிட்டின் தோளைப் பார்த்து, எங்கே போகிறது என்று கேட்டார்.

டேவிட் நின்றான். "எங்க மாமா வூட்டுக்குங்க. மாப்ள வூட்டு சீரு" என்றான், நாலு மாடிக்குக் கேட்கிற குரலில்.

ஆரோக்கியதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில் பக்கம் நடையைக் கட்டினார். கிரைண்டரை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு டேவிட் தெருவுக்குள் திரும்பினான். முன்னால் ஷைனி போய்க்கொண்டிருந்தாள், வேண்டுமென்றே மெதுவாக, இன்னும் நாலு பேர் வெளியே வந்து பார்க்கட்டும் என்று.