தானே சுற்றிய கைப்பிடி

மனித குலம் காட்டுமிராண்டித்தனத்தை உதறிவிட்டு நாகரிகத்தின் வாசலில் கால் வைத்தது, ஒரு பிடி பார்லியைத் தன் கையாலேயே அரைத்துப் பியர் காய்ச்சிய அன்றுதான். நெருப்பு, சக்கரம், எழுத்து எல்லாம் அதற்கப்புறம் வந்த சில்லறை விஷயங்கள். வெர்லின் ஹாக் இப்படித்தான் சொல்வார். நெருப்பு இல்லாமல் எப்படிக் காய்ச்சினான் என்று எங்கள் சங்கத்தில் யாரும் கேட்டதில்லை. போன வசந்தத்தில் அவர் இதைச் சொன்னபோது நான் அவர் வீட்டு நிலவறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவர் மனைவி ஆர்லிஸ் மால்ட் அரைத்துக்கொண்டிருந்தார்.

விஸ்கான்சினில் இரண்டு பேர் ஒரே மேஜையில் பியர் குடித்தால் அதற்கு ஒரு சங்கம் வைத்துவிடுவார்கள். எங்களுடையதற்குக் கைப்பிடிச் சங்கம் என்று பெயர். வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்கள், அதிலும் மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, இரட்டை உருளை மில்லில் போட்டுக் கையால் சுற்றி அரைக்கிறவர்கள் மட்டுமே உறுப்பினர்கள். விதிகளை எழுதியவர் வெர்லின். தலைவரும் அவரே. எங்கள் பியர்களின் நிறத்துக்கு மதிப்பெண் போடும் வேலையையும் அவரே வைத்துக்கொண்டார். அதற்கான கண் எங்களுக்கு இல்லை என்பார். கண்ணாடிக் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, "மாணிக்கத்தின் உள்ளொளி" என்று அவர் முணுமுணுக்கும்போது நாங்கள் தொப்பியைக் கழற்றாத குறைதான்.

முதல் விதியை மீறியதற்காக டெல்பர்ட் நுட்சன் தண்டிக்கப்பட்டிருந்தார். குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கத் துளை போடும் டிரில்லை மில்லில் மாட்டி அரைத்ததாக அவரே ஒருநாள் உளறிவிட்டார். மோட்டாரில் அரைத்த மால்ட்டுக்கு மனசாட்சி கிடையாது என்று வெர்லின் தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து டெல்பர்ட் வெறும் பார்வையாளர். கூட்டத்துக்கு வரலாம், குடிக்கலாம், நாற்காலிகளை மடித்து வைக்கலாம். ஆனால் அவர் காய்ச்சிய பியரை மேஜையில் வைக்கக் கூடாது. டெல்பர்ட் ஒரு கூட்டம்கூடத் தவறவிட்டதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் சிரித்த பிறகு சிரிப்பார்.

இந்த நிலையில்தான் வெர்லினின் வலது தோள் கிழிந்தது. ஊருக்கு அவர் சொன்னது, மான் ஒன்றைத் தனியாளாகக் காட்டிலிருந்து இழுத்து வந்தேன் என்று. மருத்துவரிடம் சொன்னது, கைப்பிடி சுற்றினேன் என்று. இனிமேல் அந்தக் கை மில்லைச் சுற்றக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இடது கையால் முயன்றதில் மேஜை நகர்ந்ததே தவிர மால்ட் நகரவில்லை. எனவே அந்த வசந்தம் முழுக்க ஆர்லிஸ் அரைத்தார், வெர்லின் பக்கத்தில் நின்று நாகரிகத்தைப் பற்றிப் பேசினார்.

ஆர்லிஸின் மணிக்கட்டும் வீங்கியதும் பேச்சு நின்றது.

"இங்க பாரு வெர்லின். ஒண்ணு மோட்டார் வை, இல்ல கடைல வாங்கிக் குடி. நான் இனிமே சுத்த மாட்டேன்."

"அப்போ நானும் டெல்பர்ட் மாதிரி கடைசி வரிசைல உக்காரணுமா?"

"உக்காரு. அவனாவது நாற்காலிய மடிச்சு வைக்கிறான்."

வெர்லினுக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை என்று ஆர்லிஸ் என்னிடம் சொன்னார். காரணம் இருந்தது. ஒவ்வோர் அக்டோபரிலும் சங்கத்துக்குப் பெரிய காய்ச்சும் நாள் உண்டு. அன்று தலைவர் எல்லோர் முன்னாலும் முதல் மால்ட்டைத் தன் கையால் அரைக்க வேண்டும். அரைக்க முடியாதவர் தலைவராகவோ உறுப்பினராகவோ இருக்க முடியாது. அதுவும் அவர் எழுதிய விதிதான். மனைவியும் பியரும் போக அவருக்கு இருப்பது சங்கம் மட்டுமே. மனைவியிடம் பேச்சு எடுபடாது.

நான் பக்கத்து வீட்டுக்காரன். காகித ஆலையில் மின்வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மறுநாள் வெர்லின் என் கராஜுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, வேட்டைத் தொப்பியைக் கையில் பிசைந்தபடி நின்றார்.

"ராய்ஸ், ஒரு சினேகிதனுக்காகக் கேக்குறேன். மில்லுல மோட்டார் வைக்கிறது கஷ்டமா?"

அந்தச் சினேகிதனுக்கு எந்தத் தோள் வலி என்று கேட்டேன். வலது என்றார்.

மோட்டாருக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் ஆர்லிஸுக்குப் பரிசளித்த ட்ரெட்மில், நின்ற இடத்திலேயே ஓட வைக்கும் இயந்திரம், நிலவறையில் துணி உலர்த்தும் கொடியாகப் பணியாற்றிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றலாமா என்று அனுமதி கேட்டோம். இத்தனை வருஷத்தில் நீ வாங்கித் தந்ததிலேயே பெரிய பொருள், இப்போதாவது ஓடட்டும் என்றார் ஆர்லிஸ்.

மோட்டார் வைப்பது எளிது. அதை மறைத்து வைப்பதுதான் வேலை. மில்லின் கைப்பிடி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று வெர்லின் பிடிவாதமாகச் சொன்னார். அச்சின் மறுமுனையில் பெரிய சக்கரம் மாட்டி, பெல்ட்டைக் கீழே இறக்கி, மோட்டாரை ஒரு மரப்பெட்டிக்குள் ஒளித்து, காலால் மிதிக்கும் சுவிட்ச் ஒன்றைத் தரைவிரிப்புக்கு அடியில் வைத்தோம். மிதித்தால் கைப்பிடி தானாகச் சுற்றும். வெர்லின் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வியர்வையைத் துடைத்தால் போதும். மனிதக் கை சுற்றுகிற வேகத்துக்கு மோட்டாரைக் குறைத்து வைத்தேன். சோதித்துப் பார்த்தோம். மால்ட் அழகாக உடைந்து விழுந்தது. உமி கிழியாமல், உள்ளே இருந்தது மட்டும் நொறுங்கி, பார்க்கவே பசித்தது. வெர்லின் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"மனசாட்சி வாசம் வருதா?" என்றேன்.

"வாய மூடுய்யா," என்றார். கண் கலங்கியிருந்தது.

பெட்டிக்குப் பச்சை வண்ணம் அடிக்க வேண்டும், அதற்கு மோட்டாரைக் கழற்றி மாட்டுவேன் என்றார். இரண்டே ஒயர், சிவப்பைச் சிவப்போடு, கறுப்பைக் கறுப்போடு சேர்க்க வேண்டும் என்று சொன்னேன். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டாம் என்று கோபித்துக்கொண்டார்.

காய்ச்சும் நாளன்று அவர் கராஜ் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் பியரில் வெந்த சாசேஜ், இன்னொரு பக்கம் ஆர்லிஸின் உருளைக்கிழங்கு சாலட். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஜோலீன், கையால் அரைப்பதில் வெர்லினுக்கு அடுத்த இடத்தில் இருப்பவள், முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்தாள். கடைசி வரிசையில் டெல்பர்ட். வெர்லின் சட்டைக்கையை முழங்கை வரை மடித்து, காட்டுமிராண்டித்தனத்தில் ஆரம்பித்து நாகரிகத்துக்கு வந்து சேர்ந்தார். பிறகு மால்ட்டைக் கொட்டினார், கைப்பிடியைப் பற்றினார், தரைவிரிப்பை மிதித்தார்.

கைப்பிடி பின்பக்கமாகச் சுற்றியது.

வெர்லினின் கையும் அதோடு பின்பக்கமாகப் போனது. பாதி வட்டத்தில் முகம் வெளுத்தது. உருளைகள் மால்ட்டை உள்ளே இழுப்பதற்குப் பதிலாக மேலே தள்ளின. பார்லி மணிகள் துள்ளித் துள்ளிக் குதித்தன. ஒன்றுகூடக் கீழே விழவில்லை. பதற்றத்தில் பிரேக் போடுவதாக நினைத்து அவர் சுவிட்சை இன்னும் அழுத்தினார். வலி தாங்காமல் கையை எடுத்தார். காலை எடுக்கவில்லை.

யாரும் தொடாத கைப்பிடி எங்கள் எல்லோர் முன்னாலும் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

யாரோ சாசேஜை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. வெர்லின் எங்களைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் தனக்கான நாற்காலியைத்தான் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. நான் எழுந்து ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் டெல்பர்ட் பேசினார். கேலியே இல்லாத குரலில்.

"ஒயர் மாறிப்போச்சுப்பா. ரெண்டையும் மாத்திப் போடு, சரியா சுத்தும்."

"அப்படியே ஸ்பீடையும் கொஞ்சம் ஏத்துங்க," என்றாள் ஜோலீன். "இந்த வேகத்துல என்னோடது சிக்கிக்கும்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காது சிவந்தது.

அதற்கப்புறம் மடை திறந்துவிட்டது. ஒருவர் பெல்ட் தளர்வாக இருக்கிறது என்றார். இன்னொருவர் ட்ரெட்மில் மோட்டார் நல்ல தேர்வு, கார் வைப்பர் மோட்டார் புகைந்துவிடும், தன்னுடையது புகைந்தது என்றார். கை கிழிய அரைப்பதாகச் சொல்லிப் போன கூட்டத்தில் உள்ளங்கைக் காய்ப்பைக் காட்டிய தச்சர் ஒருவர், சக்கரம் எந்த அளவு வேண்டும் என்று பென்சிலோடு வந்தார். கைப்பிடிச் சங்கத்தில் கையால் அரைத்துக்கொண்டிருந்த கடைசி உறுப்பினர், கணக்குப் பார்த்தால், ஆர்லிஸ்தான். அவர் உறுப்பினரே அல்ல.

வெர்லின் மெதுவாகக் காலை எடுத்தார். கைப்பிடி நின்றது.

"டெல்பர்ட்," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "உன் பியர் ஏதாச்சும் வண்டில இருக்கா?"

"எப்பவும் இருக்கும்."

"எடுத்துட்டு வா. மேஜைல வை."

டெல்பர்ட் வெளியே ஓடினார். அறுபத்தைந்து வயதுக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஆர்லிஸ் உருளைக்கிழங்கு சாலட்டில் ஒரு பெரிய கரண்டி அள்ளி வெர்லின் தட்டில் வைத்து, அவர் நல்ல தோளை ஒரு தட்டுத் தட்டினார்.

நான் முட்டி போட்டுப் பச்சைப் பெட்டியைத் திறந்தேன். சிவப்பு ஒயர் கறுப்போடும் கறுப்பு சிவப்போடும் ஒழுங்காக முறுக்கி டேப் ஒட்டப்பட்டிருந்தன. வெர்லின் குனிந்து பார்த்தார்.

"சிவப்ப சிவப்போடன்னு சொன்னேனேய்யா," என்றேன், மற்றவர்கள் காதில் விழாமல்.

அவர் இன்னும் குனிந்து, ஒரு கண்ணை மூடி, இரண்டையும் வெளிச்சத்தில் பார்த்தார்.

"ரெண்டும் கறுப்புதானே?"

பியரின் நிறத்துக்கு மதிப்பெண் போடுவது இந்த ஆண்டும் அவர்தான்.