தோற்ற சட்டங்களின் தெரு

பாராளுமன்ற உறுப்பினர் தாட்சாயினி ஞானேந்திரன் ஒட்டாவாவில் கொண்டுவந்த சட்டமூலங்களில் ஒன்றுகூட வென்றதில்லை. வாக்கெடுப்பில் தோற்ற ஒவ்வொன்றும் மறுநாள் காலையே மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், புளூம்ஃபீல்ட் தெருவில் ஜாரிக்கும் ஓகில்விக்கும் இடைப்பட்ட துண்டில் மட்டும் நடைமுறைக்கு வந்துவிடும். அவர் குடியிருந்தது அந்தத் துண்டில். தோற்றுப்போன சட்டமூலத்துக்குப் போக்கிடம் ஏது, கொண்டுவந்தவரோடேயே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறது என்று மூலையில் தெப்பனர் என்ற சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சிவராசா விளக்கம் சொல்லுவார். சிவராசா சொல்லுவதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும். ஆனால் இதைவிட நல்ல விளக்கத்தை இன்றுவரை வேறு யாரும் கொண்டுவரவில்லை.

தாட்சாயினி அரசியலுக்கு வருமுன் கார்டறியில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், ஆசிரியை. இடுப்பில் கை வைத்துக் கதைக்கும் பழக்கமும், ஒரே விசயத்தை அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லும் பொறுமையும் அங்கே பிடித்துக்கொண்டவை. எதிர்க்கட்சி வரிசையில் போய் அமர்ந்த முதல் குளிர்காலத்திலேயே, வாடகை வீடுகளில் சூடு இருபத்தொரு பாகைக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார். வாடகை வீடு கியூபெக் மாகாணத்தின் விசயம், ஒட்டாவாவுக்கு அதில் என்ன வேலை என்று அமைச்சர் கேட்டார். நியாயமான கேள்விதான். சட்டமூலம் படுதோல்வி அடைந்தது. மறுநாள் காலை அந்தத் துண்டில் இருந்த எல்லா வீடுகளிலும் சுவரோரக் குழாய்கள் இதமாகச் சுட்டன. எண்ணெய்ச் செலவை மிச்சம் பிடிக்கக் கொதிகலனை அணைத்து வைத்திருந்த வீட்டுக்காரர் ஒருவர், யாரோ களவாக மூட்டிவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினார். கொதிகலன் சில்லென்று இருந்தது. அதிலிருந்து புறப்பட்ட குழாய் கொதித்தது. இளவேனிலில் அவர் கொதிகலனைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார், சூடு போகவில்லை. வாடகையை மட்டும் அவர் குறைக்கவில்லை. அது சட்டமூலத்தில் இல்லை.

அடுத்தது மேலதிக வேலை. விருப்பமில்லாதவரை எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலையில் மறித்து வைக்கக்கூடாது என்ற சட்டமூலம் தோற்ற பிறகு, சென்ட் லோரன்ட் தொழிற்சாலைகளில் வேலை செய்த எங்கள் துண்டு ஆட்களை மேற்பார்வையாளர் எவ்வளவு கெஞ்சியும் பயனில்லை. நேரம் முடிந்ததும் கால்கள் தாமாகவே பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தன. மருந்து பொதி செய்யும் இடத்தில் வேலை பார்த்த சிசிலியை ஒருநாள் மேற்பார்வையாளர் வாசலில் நின்று மறித்தாராம். நான் நிற்கத்தான் பார்க்கிறேன், கால் நிற்குதில்லை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவள் அவரைத் தாண்டிப் போய்விட்டாள்.

எல்லாமே நன்மையாக முடிந்தது என்று எழுதினால் அது பச்சைப் பொய். கோடைக்கு ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, குளிருக்குத் திரும்பப் பின்னே இழுத்து, வருடத்தில் இரண்டு தரம் மணிக்கூட்டை மாற்றும் கூத்து இனி வேண்டாம் என்று அவர் கொண்டுவந்த சட்டமூலமும் தோற்றது. அன்றிலிருந்து கோடைகாலம் முழுக்க எங்கள் துண்டு நகரத்தைவிட ஒரு மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. ஜாரி வீதியைக் கடந்தால் ஒரு மணித்தியாலம் காணாமல் போய்விடும். ஞாயிறு பூசைக்குப் போனவர்கள், ஆட்கள் முடித்துக்கொண்டு வெளியே வரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தாட்சாயினியைத் திட்டாத வாய் இல்லை. அவரே ஒட்டாவா பஸ்ஸைப் பல தரம் தவறவிட்டார், நன்றாக வேண்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

பாராளுமன்ற இணையத்தளத்தில் அவருடைய பெயரைத் தட்டினால் எல்லாம் வரும். பேசிய பேச்சு, கேட்ட கேள்வி, கையளித்த மனு, போட்ட வாக்கு, எதுவும் தப்பவில்லை. சபையில் பேசுவதை எல்லாம் பதியும் ஹன்சாட் அவருக்காகவே கொழுத்துப்போனது என்று சொல்ல வேண்டும். நிறைவேறிய சட்டங்கள் என்ற இடம் மட்டும் வெறுமை. தேர்தலுக்குத் தேர்தல் எதிரே நிற்பவர்கள் அந்த வெறுமையைத் துண்டுப்பிரசுரத்தில் பெரிதாகப் போடுவார்கள். புளூம்ஃபீல்டில் ஆட்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். தாட்சாயினி சிரிப்பதில்லை. ஒரேயொரு சட்டமாவது முழு நாட்டுக்கும் நிறைவேற வேண்டும், அதன் முதல் பக்கத்தில் தன் பெயர் இருக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வயதானவர்களுக்குப் பல்வைத்தியம் இலவசம் என்ற அவருடைய சட்டமூலம் ஒன்று வாக்கெடுப்புக்கு வரும் முன்பே தேர்தல் அறிவிக்கப்பட்டு, கேட்பாரற்றுப் போனது. எங்கள் தெருவில் ஒரு கடைவாய்ப்பல்கூடக் குணமாகவில்லை. வாக்கெடுப்பில் தோற்றால்தான் பலன் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

சிசிலியின் கணவருடைய பெயர் பற்றிக். அவர் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள்ளே துப்புரவு வேலை செய்தார். மன்னாரிலிருந்து வந்தவர், அவருடைய அகதிக் கோரிக்கையும் மேன்முறையீடும் நிராகரிக்கப்பட்டிருந்தன. சிசிலியின் கோரிக்கை இன்னும் விசாரணைக்கு வரவில்லை, ஆகவே அவள் இருக்கலாம், அவர் போக வேண்டும் என்று முடிவு வந்தது. நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அவரை விமானத்தில் ஏற்றுவதாக இருந்தது. மகள் றொசானா இங்கே பிறந்தவள், நாலு வயது, அதே துண்டில் இருக்கும் கார்டறிக்குப் போகிறாள், தகப்பனோடு மட்டும் தமிழும் மற்ற எல்லோரோடும் பிரெஞ்சும் கதைப்பாள். இங்கே பிறந்த பிள்ளை பள்ளிப்படிப்பை முடிக்கும்வரை அதன் தாயையோ தகப்பனையோ நாட்டைவிட்டு அனுப்பக்கூடாது என்று தாட்சாயினி ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பு புதன்கிழமை, விமானத்துக்கு முதல்நாள். தெரு நிம்மதியாக இருந்தது. "தாட்சா தோக்காம எங்கை போறா? நீ ஒண்டுக்கும் யோசியாதை தம்பி" என்று சிவராசா பற்றிக்கின் முதுகில் தட்டினார்.

திங்கட்கிழமை தலையில் இடி விழுந்தது. அரசாங்கம் சட்டமூலத்தை ஆதரிக்கப்போகிறதாம். தேர்தல் நெருங்குகிறது, வந்தேறிய சனத்தின் வாக்கு வேண்டும். ஆதரித்து, ஆராய்வதற்கென்று ஒரு குழுவுக்கு அனுப்பிவிட்டால் நல்ல பெயரும் கிடைக்கும், சட்டமும் வராது. குழுவுக்குப் போன சட்டமூலம் ஆழ்குளிர்ப்பெட்டிக்குள் போன மீன் மாதிரி. அங்கேயே கிடந்து, தேர்தல் அறிவித்ததும் குப்பைக்குப் போய்விடும். ஆனால் தோற்றதாகவும் ஆகாது. தாட்சாயினியின் கட்சித் தலைவர் தொலைபேசியில் பிடித்து வாழ்த்தினார். எங்கள் கட்சி முழுவதும் ஆதரிக்கும், மற்றக் கட்சிகள் எதிர்த்தாலும் வெற்றி நிச்சயம், உங்கள் வாழ்க்கையில் முதல் வெற்றி, இனி உங்களுக்கு முன்வரிசை, நாங்கள் ஆட்சிக்கு வந்தால் அமைச்சர் பதவி என்று அடுக்கிக்கொண்டே போனார்.

செவ்வாய்க்கிழமை காலை தாட்சாயினி ஒட்டாவாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது சிசிலி வேலை உடுப்போடு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். இந்த முறை எப்பிடியாவது தோத்துப்போங்கோ."

சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்த தாட்சாயினி நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை வருசமா வந்தவை எல்லாரும் வெல்லச் சொல்லித்தான் கேட்டவை. தோக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீர்தான்."

"உங்கட ஆசை எனக்குத் தெரியுமக்கா. கேக்க வெக்கமாத்தான் கிடக்கு. ஆனா நாளையிண்டைக்கு அவரைக் கொண்டுபோயிடுவாங்கள். அப்பா எங்கை எண்டு பிள்ளை கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"இது முழு நாட்டுக்கும் வரவேண்டிய சட்டம், சிசிலி. இஞ்சை மட்டும் வந்தா மற்றச் சனம் என்ன செய்யும்?"

"அவங்கள் அதை வர விடமாட்டாங்கள் எண்டு உங்களுக்கே தெரியும்தானே."

தாட்சாயினி மற்றச் சப்பாத்தையும் மாட்டினார். தெரிந்த விசயம்தான், ஆனால் இன்னொருவர் வாயால் கேட்டபோது நெஞ்சு எரிந்தது. "வேலைக்குப் பிந்தப்போகுது, போம். நான் பாக்கிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினார்.

சட்டமூலத்தைக் கொண்டுவந்தவருக்கு வாக்கெடுப்புக்கு முன் கடைசியாக ஐந்து நிமிடம் பேச உரிமை உண்டு. மற்றவர்கள் அந்த நேரத்தில் நன்றி சொல்வார்கள். தாட்சாயினி இடுப்பில் கை வைத்தார். கழிவறைக்குப் போய்வந்து கை கழுவாத மூன்று வயதுப் பிள்ளைகளைக்கூடத் தான் திருத்தியிருப்பதாகவும், அரசாங்க வரிசையில் இருப்பவர்களைத் திருத்தத் தன்னால் முடியாது என்றும் தொடங்கினார். பிறகு ஒவ்வொருவராக எடுத்தார். ஒருவருக்கு நித்திரை நேரமாகிவிட்டது, போர்வை வேண்டுமா என்று கேட்டார். இன்னொருவர் பொய் சொன்னால் காது சிவக்கும் என்று சபைக்கே காட்டிக்கொடுத்தார். சபாநாயகர் சொன்னதை மீளப் பெறச் சொன்னார். மீளப் பெற்றுவிட்டு அதைவிட மோசமாக ஒன்றைச் சொன்னார். ஹன்சாட்டில் அந்தப் பக்கம் முழுக்க, உறுப்பினர்கள்: ஓ, ஓ! என்றுதான் இருக்கிறது. கொதித்துப்போன அரசாங்கப் பின்வரிசைக்காரர் பலர், கட்சி என்ன சொன்னாலும் எதிர்த்தே தீருவது என்று முடிவெடுத்தார்கள். அப்படியும் தோற்பதற்கு ஒரு வாக்குக் குறைந்தது.

இப்படிப்பட்ட வாக்கெடுப்பில் முதலில் எழுந்து நிற்க வேண்டியவர் சட்டமூலத்தைக் கொண்டுவந்தவர்தான். அது அந்தச் சபையின் வழக்கம். தாட்சாயினியின் பெயரை வாசித்தார்கள். அவர் எழும்பவில்லை. திரும்பவும் வாசித்தார்கள். கட்சித் தலைவர் கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்தார். வேறு வழியில்லாமல் மற்றவர்களின் வாக்குகளை எடுத்துக்கொண்டு போனார்கள். எதிர்ப்பவர்களின் முறை வந்தது, வரிசை வரிசையாக எழும்பி அமர்ந்தார்கள், கடைசி ஆளாகத் தாட்சாயினி எழும்பினார். ஆதரித்திருந்தால் ஒரு வாக்கால் வென்றிருக்கும். ஒரு வாக்கால் தோற்றது. அவர் கண்ணைத் துடைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். சிவராசாவின் கடைக்குள் நின்ற அத்தனை பேரும் கத்திக் குதித்துக்கொண்டே அழுதோம், சொல்ல என்ன வெட்கம்? நடைபாதையில் மறித்த பத்திரிகைக்காரர்கள் சொந்தச் சட்டமூலத்துக்கே எதிராகவா என்று கேட்டார்கள். வெல்வதற்கு இங்கே முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள், தோற்பதற்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று அவர் பிரெஞ்சில் சொல்லிவிட்டு நடந்தார். பொழுதுபடுவதற்குள் கட்சியிலிருந்து அவரை விலக்கினார்கள். சபையில் அவருடைய இருக்கையையும் திரைச்சீலையோடு ஒட்டிய கடைசி மூலைக்குத் தள்ளினார்கள்.

வியாழன் காலை எல்லை அதிகாரிகள் இருவர் வான் வண்டியில் வந்து, மரியாதையாகக் கதவைத் தட்டி, பற்றிக்கை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். வான் ஜாரி மூலையில் வலப்பக்கம் திரும்பியது. திரும்பிய இடம் புளூம்ஃபீல்ட் தெருவின் ஓகில்வி மூலை. திரும்ப நேரே வந்து இடப்பக்கம் திரும்பினார்கள். அதே தெரு, அதே மூலை. ஓட்டியவர் வழிகாட்டும் கருவியை நிறுத்திப் போட்டார், பின்பக்கமாகவும் ஓட்டிப் பார்த்தார். படியில் நின்ற சிசிலி வான் முதல் தரம் கடந்தபோது அழுதாள், அடுத்த தரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், அதன் பிறகு வந்தபோதெல்லாம் சிரித்துச் சிரித்துக் கை காட்டினாள். மத்தியானம் வானை மறித்து மூன்று பேருக்கும் சோற்றுப் பார்சல் கொடுத்தாள். விமானம் பற்றிக் இல்லாமலே எழும்பிப் போனது. கார்டறி பூட்டும் நேரமாகிவிட்டது, பிந்தினால் தண்டம் அறவிடுவார்கள் என்று பின்னேரம் பற்றிக் தயங்கித் தயங்கிச் சொல்ல, பிள்ளைகுட்டிக்காரர்களான அதிகாரிகள் அவரைக் கார்டறி வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். இறக்கியதும் வான் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஜாரி வீதிக்கு ஏறிப் போனது. அகற்ற முடியவில்லை, காரணம்: தெரு முடியவில்லை என்று அறிக்கையில் எழுதினார்கள், மேலதிகாரி ஒப்பமிட்டார். அடுத்த மாதம் டோர்வலில் வேலை செய்யும் இடத்திலேயே பிடித்துப் பார்த்தார்கள். வான் திரும்பிய முதல் மூலையிலேயே புளூம்ஃபீல்ட் தெரு வந்துவிட்டது. பற்றிக் அன்றைக்கு பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு யாரும் மினக்கெடவில்லை.

தேர்தலில் தாட்சாயினி கட்சியில்லாமல் தனியாக நின்று, முன்னெப்போதையும்விடக் கூடிய வாக்குகளால் வென்றார். ஜூலை முதலாம் திகதி, மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும் நாளில், அவரும் கட்டில் மேசையைத் தூக்கிக்கொண்டு ஒரு தெரு தள்ளிப் போனார். "எங்களை விட்டிட்டுப் போறியளோ பிள்ளை?" என்று சிவராசா கேட்டபோது, "உங்களுக்குத்தான் எல்லாம் வந்திட்டுதே அண்ணை. மற்றத் தெருவும் என்ர தொகுதிதானே" என்றார். புதிய கூட்டத்தொடரில் அதே சட்டமூலத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் கொண்டுவந்தார். தோற்றது, அந்தத் தெருவிலும் நடைமுறைக்கு வந்தது. எங்கள் தெருவில் வந்தவை அப்படியே நிற்கின்றன. தோற்றதை நீக்க ஒட்டாவாவிடம் வழியில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் ஒரு தெரு என்று அவர் மாறிக்கொண்டே இருக்கிறார். இந்த வேகத்தில் முழு நாட்டுக்கும் வந்து சேரப் பல தலைமுறை எடுக்கும் என்கிறார்கள். அவர் அவசரப்படவில்லை.

இப்போது ஸ்டுவர்ட் தெருவில் இருக்கிறார். அதே சட்டமூலம் வருகிற புதன்கிழமை வாக்கெடுப்புக்கு வருகிறது. அரசாங்கம் இதை மிகக் கடுமையாக எதிர்க்கும் என்று அமைச்சர் நேற்றுத் தொலைக்காட்சியில் சொன்னார். அதைக் கேட்டதும் ஸ்டுவர்ட் தெருவில் மாக்கிரட் என்ற பெண், கணவனுக்காகக் கட்டி வைத்திருந்த பயணப்பெட்டியை அவிழ்த்து, அவருடைய குளிர்க்கோட்டை எடுத்துத் திரும்பவும் கதவுக்குப் பின்னால் கொழுவினாள்.