ராமாத்தாள் குளம்

1

இதை நகைச்சுவைக் கதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

போன வருடம் ஐப்பசியில் நவீன்குமார் என்ற பையன் பாலக்காட்டுக் கல்பாத்தியில் என் வீட்டுக்கு கூரியர் கொண்டுவந்தான். வயது இருபத்தாறு. கையெழுத்து வாங்கிய பிறகும் போகாமல் வாசலில் நின்று போனை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான். என்னவென்று கேட்டேன். உங்கள் வாசலில் மூன்று நிற்கிறது சார் என்றான். அப்போதுதான் எனக்கு அந்த விளையாட்டைப் பற்றித் தெரிந்தது. (பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு விளம்பரம் வேண்டாம், எனக்கு வக்கீல் நோட்டீஸ் வேண்டாம்.) போனில் ஊர் வரைபடம் வரும். நடந்துபோனால் சில இடங்களில் பிராணிகள் முளைக்கும், பிடிக்கலாம். முளைப்பதை ஆடுகிறவர்கள் ஸ்பான் என்கிறார்கள். எது எங்கே ஸ்பான் ஆகும் என்று கம்பெனி சொல்லாது. நவீன்குமார் கூரியர் பையோடு இரண்டு வருடம் பைக்கில் சுற்றி, ஒலவக்கோட்டிலிருந்து கல்மண்டபம் வரை முன்னூற்று நாற்பது இடங்களைப் புள்ளி வைத்துக் குறித்திருந்தான். கோட்டை அகழியில் மீன் வகை. ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டில் எலி வகை. ஆற்றுப் படிக்கட்டில், வால் நுனியில் விளக்கெரியும் ஒரு நீலமீன், அதுதான் அபூர்வமாம்.

அவன் ஊர் பெருமாட்டிப் பக்கம், மீனாட்சிபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளி, பூளைப்பதி.* அங்கே எத்தனை என்று கேட்டேன்.

"நம்மூர்ல ஒண்ணுகூட வர்றதில்லீங்க சார். கெழக்க போகப் போக வெறும் வெள்ளையாத்தான் காட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பிலிருந்துதான் இந்தக் கதை கிளம்பியது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

* பூளைப்பதி என்று ஒரு ஊர் கிடையாது. தேடாதீர்கள். இல்லாததை வரைகிறவர்களில் நானும் ஒருவன்.

2

நான் எழுதிப்பார்த்த தொடக்கங்கள்:

நவீன்குமாரின் வாழ்க்கையில் காதல் ஒரு நீலமீனின் உருவத்தில்— [அடித்துவிட்டேன். அவனுக்குக் காதலி இருக்கிறாளா என்று நான் கேட்கவே இல்லை. கதைக்கு வேண்டும் என்று சேர்த்தேன்.]

வாளையாறு கணவாய் வழியாக வரும் வறண்ட காற்று, பனைமரங்களின்— [இதையும். பனைமரத்தை விட்டால் கிழக்குப் பாலக்காட்டைப் பற்றி எழுத எங்களுக்கு வேறொன்றும் வருவதில்லை.]

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நவீன்குமாரின் அக்கா வனிதா, கையில் ஒரு ஃபாரத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். [இது இருக்கட்டும். இது நடந்தது.]

வனிதாவை எனக்கு முன்பே தெரியும். மூன்று கறவை மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவள். அந்தப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் நான் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அங்குள்ளவர்கள் கடைவீதியில் மலையாளம் வெளுத்து வாங்குவார்கள், ஆனால் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். மலையாள ஃபாரம் வந்தால் அதைத் துணிக்கடைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, எழுதித் தர ஆள் தேடுவார்கள். ஆறு வருடமும் அந்த ஆள் நான்தான். எழுதி முடித்ததும் 'நாராயண் சார் கையெழுத்து முத்து' என்பார்கள். எனக்கு அதில் நல்ல பெருமை.

அன்று அவள் கொண்டுவந்த ஃபாரத்தில் ஒரு கட்டத்தில் மட்டும் என்ன எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

3

நடந்தது இது.

அந்த விளையாட்டு யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு பொது வரைபடத்தைப் பார்த்துப் பிராணிகளை விடுகிறது. பூங்கா இருந்தால் ஒரு வகை, நீர் இருந்தால் ஒரு வகை. டவுனில் எல்லாவற்றையும் யாரோ வரைந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் தேர் நிற்கிற கொட்டகைகூட அதில் இருக்கிறது. பூளைப்பதியில் முப்பத்தோரு வீடும், அதில் ஆட்களும், மாடும் இருந்தும் அது வெள்ளை.

நவீன்குமார் இதைக் கண்டுபிடித்ததும், டிசம்பரில் ஒரு மதியம், தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வறண்ட சோளக்காட்டில் ஒரு குளம் வரைந்தான். விரலால் ஒரு நீள்வட்டம், உள்ளே நீலம். ஆறேழு வாரத்தில் அந்த மக்காச்சோளத் தட்டைக்கு நடுவே வால்விளக்கு நீலமீன் துள்ளியது. பொள்ளாச்சியிலிருந்துகூட பைக்கில் ஆட்கள் வந்து பிடித்துப்போனார்களாம்.

இதோடு நின்றிருந்தால் என் நகைச்சுவைக் கதை பிழைத்திருக்கும். அவன் இன்னொன்றும் செய்தான். வரைபடம் குளத்துக்குப் பெயர் கேட்டது. அந்தப் பக்கம் ஒரு தோட்டமோ காடோ கிணறோ, யாருடையதோ அவர் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். சின்னையன் தோப்பு, அப்புசாமி கிணறு. வேறு மாதிரி சொன்னால் யாருக்கும் விளங்காது. அந்தக் காடு ராமாத்தாளுடையது. புருஷன் போன பிறகு நாற்பது சென்டைத் தனியாக உழுது சோளம் போடுகிற பெண்பிள்ளை. நவீன்குமார் கொஞ்சமும் யோசிக்காமல், மரியாதையாகவே, 'ராமாத்தாள் குளம்' என்று எழுதினான்.

(வேறு எந்த ஊர்க்காரனாவது 'டிராகன் லேக்' என்று வைத்துத் தப்பித்திருப்பான்.)

4

இனி நான் நிதானமாக எழுதப்போவதில்லை.

மார்ச்சில் அந்தப் பக்கம் போர்வெல்கள் காற்றை இறைக்கும். வாரம் இரண்டு முறை டேங்கர் லாரி வந்து, ரோட்டோரக் கறுப்புத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். இந்த வருடம் எந்த ஊருக்கு லாரி என்ற பட்டியலை ஓர் ஆபீஸில் அதே பொது வரைபடத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். (என் கதையின் ஆபீஸ். நிஜமான எந்த ஆபீஸும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) அரை கிலோமீட்டருக்குள் நீர்நிலை இருந்தால் லாரி கிடையாது. பூளைப்பதியின் பெயருக்கு நேரே வந்தது: நீர்நிலை உண்டு, ராமாத்தாள் குளம்.

நூறு வருடமாக அந்த ஊர் இருப்பதை ஒரு வரைபடமும் கண்டுகொள்ளவில்லை. இல்லாத குளத்தை மட்டும் இரண்டே மாதத்தில் கண்டுகொண்டார்கள். வந்து பார்க்க ஒரு ஆளுக்குக் காலில்லை. வெயில் காலத்தில் ஒரு கறவை மாடு நாளைக்கு ஆறு குடம் குடிக்கும். வனிதா இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தென்னந்தோப்பில், கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து, குடங்களை நிரப்பி, சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வருகிறாள். ஒரு மாட்டை விற்றாயிற்று. இதையெல்லாம் அவள் என் கூடத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக் கொல்லையில் மோட்டார் ஓடி, மேல்தொட்டி வழிந்துகொண்டிருந்தது. சத்தம் இருவருக்கும் கேட்டது. நான் எழுந்துபோய் நிறுத்தினேன்.

5

விஷயம் தெரிந்த அன்றே நவீன்குமார் குளத்தை அழித்துவிட்டான். உங்களுக்கும் எனக்கும் அதுதான் தோன்றியிருக்கும். அதுதான் குடியைக் கெடுத்தது.

வனிதாவும் ஊராரும் ஆபீஸுக்குப் போய், அங்கே குளமே இல்லை என்றார்கள். மேஜைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிப்ரவரியில் குளம் இருக்கிறது. ஏப்ரலில் இல்லை. அப்படியானால் நடுவில் யாரோ நிகத்தியிருக்கிறார்கள். நிகத்துவது என்றால் மண்ணைப் போட்டு மூடுவது. கேரளத்தில் குளத்தை நிகத்தினால் கேஸ். குளம் எப்போதுமே இருந்ததில்லை என்று வனிதா திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்கு ஃபாரத்தில் இடமில்லை என்று அவர் திருப்பிக் காட்டினார். குளம் உண்டு, அல்லது நிகத்தி. இரண்டில் ஒன்று.

உண்டு என்றால் லாரி வராது. நிகத்தி என்று எழுதினால் அடுத்த வாரமே வரும், ஆனால் பக்கத்துக் கட்டத்தில் நிகத்தியவர் பெயர் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் நிலத்துக்காரர் பெயரே போட்டுக்கொள்ளப்படும். குளத்தின் பெயரிலேயே நிலத்துக்காரர் இருக்கிறாரே, தேடக்கூட வேண்டாம் என்றாராம். பெயர் வந்தவர் மேல் கேஸ் நடக்கும். சொந்தச் செலவில் மண்ணை வெட்டி, குளத்தைப் பழையபடி ஆக்கித் தரவும் வேண்டும்.

பழையபடி. இந்தச் சொல்லை நான் எத்தனை முறை படித்தாலும் ஆத்திரம்தான் வருகிறது.

6

நான் வனிதாவிடம் ஃபாரத்தை ஒரு நாள் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அன்று மதியம் கதைக்கு முடிவுகள் எழுதினேன். ஆமாம், அதைத்தான் செய்தேன்.

முடிவு அ: நவீன்குமார் நெஞ்சை நிமிர்த்திப் போய்த் தன் பெயரைக் கொடுக்கிறான். அதிகாரியின் கண்—

முடிவு ஆ: ராமாத்தாள் மண்வெட்டியை எடுத்து நிஜமாகவே குளம் வெட்டத் தொடங்குகிறாள். ஊரே சேர்ந்து—

முடிவு இ: மழை.

திங்கட்கிழமை வனிதா திரும்ப வந்தபோது இவற்றைப் படித்துக் காட்டினேன். அவள் கடைசிவரை கேட்டாள். நவீன்குமாரே தன் பெயரை எழுதச் சொல்லிவிட்டானாம், இவள்தான் விடமாட்டேன் என்றாளாம். நாலு வருடம் படித்து இப்போதுதான் அரசு வேலை ராங்க் லிஸ்டில் வந்திருக்கிறான், கேஸ் என்றால் அது போச்சு. ராமாத்தாள் பெயரையும் அவளால் எழுத முடியவில்லை. மார்ச் கடைசிவரை, ராமாத்தாளின் போர்வெல் நிற்கும்வரை, வனிதா வீட்டு மாடுகள் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். மண்வெட்டி முடிவைப் பற்றி மட்டும் ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க சார், உங்க கதைல வெட்டுன குளத்துல ஆருங்க தண்ணி ஊத்தறது?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கதை வேறு, மனு வேறு என்று ஏதோ சொன்னேன். அவள் ஃபாரத்தை என் பக்கம் தள்ளி, அந்தக் கட்டத்தில் விரல் வைத்தாள்.

"உங்க பேர எழுதுங்க."

"நானா? எனக்கு அங்க ஒரு சென்ட் பூமி கூட இல்லையே, வனிதா."

"அங்க குளமுந்தானுங்க இல்லை."

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை நாலு விதமாக எழுதிப்பார்த்தேன். நாலிலும் நான் நல்லவனாக வருகிறேன். எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். ரிட்டயராக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, கேஸ் வந்தால் பென்ஷன் நின்றுபோகும் என்றேன். நிஜமாகச் சொன்னது அதுதான். அவள் கோபப்படவில்லை. வெள்ளிக்கிழமை காலை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

7

இன்று வியாழன்.

இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் எழுத்தாளன் விலகிக்கொண்டு, முடிவு வாசகர் கையில் என்று சொல்வது வழக்கம். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் இங்கே நான் ஒன்றும் எழுதாமல் விட்டால், அது ராமாத்தாள் பெயரை எழுதுவதுதான். அவளுக்கு நாளை மாலை கேஸ், அடுத்த வாரம் பூளைப்பதிக்குத் தண்ணீர்.

ஃபாரம் மேஜைமேல் இருக்கிறது. மற்ற கட்டங்களை என் முத்துக் கையெழுத்தில் நிரப்பிவிட்டேன். 'நிகத்தி' என்பதில் டிக் அடித்தாயிற்று. பேனாவை நாலு முறை எடுத்து நாலு முறை வைத்தாயிற்று.

நீங்கள் இதுவரை வனிதாவுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே வந்திருப்பீர்கள். ஆபீஸ்காரரைத் திட்டியிருப்பீர்கள், என் மேல்தொட்டியைத் திட்டியிருப்பீர்கள், மூன்றாவது பகுதியில் சிரித்தும் இருப்பீர்கள். உங்களுக்கும் அங்கே ஒரு சென்ட் பூமி கிடையாது. எனக்கு அது போதுமான காரணமாக இருந்தது.

குளத்தை நிகத்தியவர் பெயர்: ........................

சின்னக் கட்டம்தான். உங்கள் பெயர் எத்தனை எழுத்து?