நான்காவது தோள்

பாடையின் முன்கம்பில் ஹெண்ட்ரிக் கை வைத்ததும் சொரிமுத்துச் சித்தப்பா குனிந்து அந்தக் கையைப் பைய எடுத்துவிட்டார். கோபமாக அல்ல, சின்னப் பிள்ளையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல.

"ஏட்டி கோமு, மாப்பிள்ளைய அங்கன தள்ளி நிக்கச் சொல்லு. தூக்குறதுக்கு ஆளு இருக்கு."

கோமு கொள்ளிக்குடத்தைக் கீழே வைக்கவில்லை. நீர்மாலைக்கு ஆற்றில் முங்கி வந்த ஈரச் சேலை இன்னும் காயாமல் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. கொள்ளி வைக்கப்போவது அவள்தான். ஒரே பிள்ளை. அதை அப்பா பரமசிவனே தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடியிருந்தார். மருமகனைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏன் சித்தப்பா?" என்றாள்.

"ஏன்னா கேக்கே? ஒங்கப்பா கல்லூரிப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு தென்னாப்பிரிக்காக் கருப்பு சனங்களுக்காக இந்தத் தெருவுல ஊர்வலம் போனவரு. இவரு அங்க வெள்ளக்காரனுக்குன்னே இருக்கிற கட்சியில கவுன்சிலரு. இவரு தோளுல அண்ணன் போனா ஊரு என்ன பேசும்?"

அந்தக் கட்சி பெரிதல்ல. அதன் உறுப்பினர்களை அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அஃப்ரிகான்ஸ் பேசும் வெள்ளையருக்காக, அவர்கள் பள்ளிக்கூடத்துக்காக, அவர்கள் நிலத்துக்காகப் பேசும் கட்சி. பிரிட்டோரியாவில் கணிதம் கற்பிக்கப் போன கோமு ஹெண்ட்ரிக்கைக் கட்டிக்கொண்டபோது, பரமசிவனுக்கு அவன் நிறமோ மதமோ உறுத்தவில்லை. கட்சிதான் உறுத்தியது. ஆறு வருடம் மகளிடம் பேசாமல் இருந்தார்.

ஈரல் கெட்டுப்போய், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் அனுப்பிய பிறகு கோமு வந்தாள். ஹெண்ட்ரிக்கும் வந்தான். வந்த அன்று சாயங்காலமே பரமசிவன் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போடச் சொன்னார். அவர் கேள்வி கேட்பார், அவன் பதில் சொல்வான். ஆங்கிலத்தில் ஒன்பது நாள் நடந்தது. பேசப்பேச மூச்சு இரைக்கும். நிறுத்தச் சொன்னால் கையால் மறுப்பார். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இருபது வயதில் உள்ளே போனவர் அவர். மொழிக்காக ஒருவன் கட்சி வைத்திருப்பதை அவரால் தள்ளவும் முடியவில்லை, ஒப்பவும் முடியவில்லை.

நான்காம் நாள் கஞ்சி கொடுக்கும்போது மகளிடம் சொன்னார். "தப்பாத்தான் பேசுதான். ஆனா நேர்ல உக்காந்து பேசுதாம்லா. நாளைக்கும் வரச் சொல்லு."

நேற்று சாயங்காலம் கேட்டதுதான் கடைசிக் கேள்வி. நாளைக்குச் சொல்கிறேன் என்றான் ஹெண்ட்ரிக். விடியும்போது பரமசிவன் இல்லை.

பாடையின் மறுபக்கத்து முன்கம்பைப் பிடித்து நின்ற அலி அஸ்கர் நிமிர்ந்தார். பரமசிவனிடம் படித்தவர், அந்த ஊர்வலத்தில் அடிபட்டு முன்பல் போனவர். நேற்றும் கட்டிலருகில் இருந்தார்.

"யம்மா கோமு, சாரு நேத்து ஒண்ணு கேட்டாங்கல்லா. அதுக்கு இவரு பதிலு சொல்லல. இப்பக் கேளு."

கோமு கேட்டாள். கூடியிருந்தவர்களுக்காகத் தமிழிலும் சொன்னாள்: அஃப்ரிகான்ஸில் படிக்க மாட்டோம் என்று சொவேட்டோவில் கருப்புப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்களே, அவர்களைப் போலீஸ் சுட்டபோது உன் அப்பா என்ன செய்தார்?

ஹெண்ட்ரிக் வேட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டான். பிறகு அவளைப் பார்க்காமல் பரமசிவனைப் பார்த்துச் சொன்னான்.

மாமனார் சோளம் விதைத்த விவசாயி என்றுதான் ஆறு வருடமாகக் கோமுவுக்குத் தெரியும். வாசலில் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டாலும் ஒருவருக்கும் தெரியாது.

"இவங்க அப்பா அப்ப போலீஸ்ல இருந்தாங்களாம்" என்றாள். "அன்னைக்கு அங்கதான் நின்னாங்களாம். சுட்டீங்களான்னு இவரு ஒரு தடவ கேட்டாராம். அவங்க பதிலு சொல்லலையாம். ரெண்டாவது தடவ கேக்க எனக்குத் தைரியம் வரலைங்காரு."

சங்கு ஊதுகிறவர் சங்கைத் தாழ்த்திக்கொண்டார்.

"சித்தப்பா, அந்தக் கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டதில்ல. போடவும் மாட்டேன். இத வீட்டுல வச்சு இவருகிட்ட இன்னும் பேசணும், பேசுவேன். ஆனா அப்பா ஒம்பது நாளு இவர எதுக்க உக்கார வச்சாங்க. இவரு தூக்காம அப்பா இந்த வாசலத் தாண்ட மாட்டாங்க. நானும் குடத்த எடுத்துக்கிட்டு நடக்க மாட்டேன்."

சித்தப்பா அண்ணனின் முகத்தைப் பார்த்தார். வாய்க்கட்டுக்குள் அது எதையும் சொல்லவில்லை. அலி அஸ்கர்தான், "பொழுது சாயுது அண்ணாச்சி. அவரு எனக்குச் சோடியா இங்கன நிக்கட்டும்" என்றார்.

சித்தப்பா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். நாலாக மடித்தார். எக்கி நின்று ஹெண்ட்ரிக்கின் தோளில் வைத்துவிட்டு, பின்கம்பைப் பிடிக்கத் தன் மகன் செந்தில்முருகன் பக்கத்தில் போய் நின்றார்.

சங்கு ஊதியது. கோமு முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சிந்துபூந்துறைத் தெரு முனையில் யாரோ, "முன்னால ஒசருது, பாடை சாயுது" என்று பதறுவது கேட்டது. ஹெண்ட்ரிக் மற்றவர்களைவிட ஒரு முழம் உயரம். சற்று நேரத்தில் அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. குடத்து நெருப்பின் புகை கண்ணில் பட்டாலும் அவள் முகத்தைத் திருப்பவில்லை.

ஆற்றங்கரை மயானத்தில் எரு அடுக்கிய சிதையின் அருகே வந்ததும், பாடையை இறக்கச் சொன்னபோதுதான் பார்த்தாள்.

ஹெண்ட்ரிக் முழங்காலை மடக்கியபடி நின்றான். அத்தனை தூரமும் அப்படியே நடந்து வந்திருக்கிறான். மடக்கிய கால்கள் வெடவெடவென்று நடுங்கின. பாரத்தை இறக்கி மற்ற மூவரும் நிமிர்ந்துவிட்டார்கள். அவனால் நிமிர முடியவில்லை. அலி அஸ்கர் அவன் கக்கத்தில் கை கொடுத்து, ஒன்றும் சொல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.