கார்கிலில் போட்ட ஒற்றைத் தும்மல்

கார்கில் மலையில் நான் போட்ட ஒரே ஒரு தும்மலில், இரண்டாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் நகரியில் ஒரு கல்யாணம் நின்றுபோனது. பனிச்சரிவும் வந்தது, அது தனிக்கதை.

இதை உலகமே நம்பியது, என் பெண்டாட்டியின் அண்ணன் வேதாச்சலத்தைத் தவிர.

தொண்ணூற்றொன்பது, ஆனி மாதம். நான் சிப்பாய் கோவர்த்தனன். மலைமேல் எப்போதும் எதிர்வீட்டு தேவயானி நினைப்புத்தான். அந்த நினைப்பின் சூட்டில் என் பதுங்குகுழியில் மட்டும் பனி உருகும். மற்ற சிப்பாய்கள் அந்தத் தண்ணீரில்தான் டீ போட்டார்கள்.

அவள் அப்பா நாராயணசாமி விசைத்தறிக்காரர். தெருவுக்கே அவர் வீட்டில்தான் போன். கீழே முகாமுக்கு இறங்கும்போதெல்லாம் வரிசையில் நின்று பேசுவேன். "எங்கம்மாவைக் கூப்பிடுங்க" என்பேன். அம்மா வரும்வரை ரிசீவர் தேவயானி கையில். விவரமான அம்மா, தெருவைத் தாண்ட, திருமலைக்கு நடந்து ஏறுகிற நேரம் எடுத்துக்கொள்வாள்.

அன்றைக்கு எடுத்தது அவள் அண்ணன் வேதாச்சலம். "இரு, அத்தையக் கூப்புடறேன்" என்றான். அப்புறம் அவன் குரல் இல்லை. ஐயர் படிப்பது கேட்டது: "புத்தூர் மோகன்ராஜ்... அமெரிக்காவில் கம்ப்யூட்டர் உத்தியோகம்... தேவயானி..."

ஐயோ, நிச்சயதார்த்தம்! தட்டு மாற்றப் போகிறார்கள்!

"வேணாம்" என்று கத்த வாயைத் திறந்தேன். குளிரும் அழுகையும் மூக்கில் முட்டி, வந்தது தும்மல். மலை அதிர்ந்தது. எதிரிகூடக் கொஞ்ச நேரம் சுடவில்லை.

அங்கே மாப்பிள்ளையின் பெரியம்மா அலறினாள்: "தட்டுல கை வெக்கசொல்ல ஒத்தத் தும்மலா? எவன்டா அது?"

எனக்கோ இரண்டாவது தும்மல் கிளம்பிவிட்டது. இரட்டைத் தும்மல் என்றால் சகுனத்தடை நீங்கிவிடும். தேவயானி அமெரிக்கா போய்விடுவாள். மூக்கை இறுக்கிப் பிடித்தேன். கண் பிதுங்கியது, காது அடைத்தது. விடவில்லை. அந்தப் போரில் நான் செய்த பெரிய வீரச்செயல் அதுதான், பதக்கம்தான் தரவில்லை. "எழுந்திரிங்க, போலாம்" என்று பெரியம்மா சொன்ன பிறகே மூக்கை விட்டேன்.

தையில் திருமலையில் எங்கள் கல்யாணம். மாமனார் முனகிக்கொண்டேதான் தாரை வார்த்தார்.

போன வாரம் திருப்பதியில் எங்கள் மகள் சந்தியாவுக்கு நிச்சயம். சம்பந்தியம்மா ரத்னம்மாவிடம் இந்தக் கதையை அவிழ்த்துவிட்டேன். வேதாச்சலம் வழக்கம்போல் குறுக்கே பாய்ந்தான்.

"போன்ல தும்முனா காதுல வெச்சிக்கினு இருக்கறவனுக்குத்தான் கேக்கும். கூடத்துல இருந்த அத்தினி பேருக்கும் எப்பிடி மாப்ள கேக்கும்? ஊட்டுக்குள்ளயே எவனோ தும்மியிருப்பான்!"



"ஸ்பீக்கர் பட்டன் இருக்கற போனா அண்ணா அது?" என்றார் ரத்னம்மா.

வேதாச்சலம் வெற்றிலைத் தட்டை ஆராய ஆரம்பித்தான். தேவயானி அவனையே பார்த்தாள்.

"நைனாதான் போய்ச் சேந்துட்டாரே அண்ணா. இன்னும் யாருக்குப் பயப்படற?"

அவன் காது சிவந்தது.

"உள்ள நீ அழுதுக்கினு இருந்தியே, எனக்கு மனசு கேக்கல. மாப்ள நாலு வார்த்த வீரமா பேசுவார்னு நான்தான் பட்டன அமுத்துனேன். தும்முவார்னு யாருக்குத் தெரியும்?" என்றவன், என் பக்கம் திரும்பினான். "ஆமா மாப்ள. உன் தும்மல்தான். கூடம் பூரா கேட்டுச்சி."