ஸ்பிரிட்டில் பத்து நிமிடம்

பெட்டியைத் திறந்ததும் ஒரு கண் என்னைப் பார்த்தது.

நான் கேட்டிருந்தது சட்டைக் காலரில் மாட்டும் மைக். எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மற்றக் கிளைகளில் இருப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை நான் இணையத்தில் வகுப்பு எடுக்க வேண்டும். போன முறை எடுத்தபோது, 'மேடம், படம் வருது, சத்தம் வரல' என்று பன்னிரண்டு பேர் எழுதினார்கள். சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. என் குரல் அவ்வளவுதான்.

பெட்டிக்குள் பஞ்சு. பஞ்சின் நடுவில் பழுப்பு நிறக் கருவிழி. வெள்ளையின் ஓரத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள். நான் கத்தினேனா என்று நினைவில்லை. கத்தரிக்கோல் தரையில் விழுந்த சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். வந்த வேகத்திலேயே பின்னால் போய்க் கதவில் இடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ! என்னடி இது? யாரோடது?"

"தெரியலம்மா."

"நெஜக் கண்ணா?"

அண்ணன் வந்து குனிந்து பார்த்தான். அவனுக்கும் முகம் வெளுத்திருந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"பிளாஸ்டிக்மா. நெஜம்னா இந்நேரம் நாறியிருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினான். "ஏய் ஊமைக்கோட்டான், மைக் கேட்டா கண்ணு அனுப்பியிருக்கான் பாரு. நீ பேசவே வேணாம், சும்மா முறைச்சாப் போதும்னு சொல்றான்போல."

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் என் பெயரும் முகவரியும் சரியாக இருந்தன. மைக், ஒன்று என்றும் இருந்தது.

கடையின் செயலியில் 'உதவி' என்பதை அழுத்தினேன். போன் செய்யலாம் என்றும் இருந்தது. நான் எழுதுவதைத் தேர்ந்தெடுத்தேன். திருப்பித் தருவதற்கான காரணம் என்ன என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. நிறம் பிடிக்கவில்லை. அளவு சரியில்லை. மனம் மாறிவிட்டது. வேறு பொருள் வந்துள்ளது. கடைசியைத் தொட்டேன்.

'வந்துள்ள பொருள் என்ன?'

'கண்' என்று எழுதினேன்.

'மன்னிக்கவும், புரியவில்லை. கண்ணாடியா?'

'இல்லை. கண்.'

சிறிது நேரம் மூன்று புள்ளிகள் ஓடின. 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். பொருளின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பவும்.'

பின்பக்கம் வேண்டுமென்றால் அதைக் கையில் எடுத்தாக வேண்டும்.

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. மனித உடம்போடு சம்பந்தப்பட்ட எதையும் வெறும் கையால் தொடமாட்டோம். கையுறை போட வேண்டும். பொருளை ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். பிறகுதான் மற்றது. நான்கு வருடமாக இதைச் செய்கிறேன். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகவே செய்யும். என் பையில் கையுறையும் ஒரு சிறிய பாட்டில் ஸ்பிரிட்டும் எப்போதும் இருக்கும்.

கண்ணை எடுத்தேன். அது உருண்டை இல்லை. தடித்த சிப்பி போல வளைந்திருந்தது. ஒரு கிண்ணத்தில் போட்டு ஸ்பிரிட்டை ஊற்றி, பத்து நிமிடம் நேரம் வைத்தேன்.

"என் கிண்ணமாடி கெடச்சுது உனக்கு?" என்றாள் அம்மா. "இனிமே அதுல யாரு சாப்பிடறது?"

பத்து நிமிடம் கழித்து எடுத்துத் துடைத்து இரண்டு படங்கள் அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

'உங்கள் பணம் திருப்பி அளிக்கப்பட்டது. பொருளைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. நீங்களே அப்புறப்படுத்திவிடலாம். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

அப்புறப்படுத்திவிடலாம். அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதை எந்தக் குப்பைத் தொட்டியில் போடுவது?

"பணம் வந்திருச்சில்ல? விட்டுத்தள்ளு," என்றான் அண்ணன்.

கண்ணை மறுபடி பெட்டியில் வைக்கப் போனபோது பஞ்சு நகர்ந்தது. அடியில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. கையால் எழுதியது.

'இடது கண். பாலிஷ் முடிந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போட்டுக்கொண்டு போகலாம். தினமும் சாதாரண சோப்பு, தண்ணீர் போதும்.' கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு: 'ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படவே கூடாது. வெடித்துவிடும்.' அதற்கும் கீழே ஒரு போன் நம்பர்.

கண்ணை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனேன். வெளிச்சத்தில் சாய்த்தேன். மேல்பரப்பு முழுவதும் மயிரிழை விரிசல்கள். ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைத்து, கருவிழிக்குள்ளும் இறங்கியிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோடு கொஞ்சம் நீண்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்ரிலிக். அந்த வகைப் பிளாஸ்டிக்கில் ஸ்பிரிட் மாதிரி ஆல்கஹால் படக் கூடாது. இரண்டாம் ஆண்டுப் பாடம். அந்தத் தாளில் நான் வகுப்பில் முதலிடம். வேறு யாராவது இதைக் கையில் எடுத்திருந்தால் சும்மா சோப்புப் போட்டுக் கழுவியிருப்பார்கள். தொடவே பயந்து மூடி வைத்திருப்பார்கள். படித்த நான்தான் பாழாக்கினேன்.

இன்று சனிக்கிழமை.

அம்மா காகிதத்தை வாங்கிப் படித்தாள். கண்ணைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க பாரு, அந்த நம்பருக்கு நான் பேசறேன். எங்களுக்கு மாறி வந்திருச்சுன்னு சொல்லி கூரியர்ல போட்டுடுவோம். வழியில ஒடைஞ்சிருக்கும்னு நெனச்சுக்குவாங்க."

"வழியில ஒடையலம்மா."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

அவர்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கடையே தூக்கிப் போடச் சொல்லிவிட்டது.

நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அந்த நம்பரை அழுத்தினேன். பேச வேண்டியதை முதலில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். மூன்று வரி.

"யாரு?" வயதான ஆணின் குரல்.

"சார், எனக்கு ஒரு கண்ணு வந்திருக்கு."

"அப்பாடா!" அவர் போனிலேயே கேட்கும்படி மூச்சு விட்டார். "கெடச்சிருச்சா! அந்தப் பொண்ணு காலைலேர்ந்து எனக்குப் போன் போட்டு அழுதுக்கிட்டிருக்கா. அவளுக்கு ஏதோ வயரு வந்திருக்காம். ரெண்டு பொட்டிலயும் கூரியர்காரனுங்க சீட்டு மாத்தி ஒட்டிட்டானுங்க. பத்திரமா இருக்காம்மா?"

உள்ளங்கையைப் பார்த்தேன். வியர்வையில் மை கலங்கியிருந்தது.

"இல்ல சார்."

"சத்தமாப் பேசும்மா."

"பத்திரமா இல்ல சார். நான் ஸ்பிரிட்ல போட்டுட்டேன்."

தொடர்பு அறுந்துவிட்டதா என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

"நீ என்னம்மா படிச்சிருக்கே?"

சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். ஐந்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். நாளைக்குக் காலை பத்து மணிக்கு அதை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அவளும் வருவாள் என்றார்.

அவருடைய வேலை அறை ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. நீள மேசை, வட்ட விளக்கு, சின்னச் சின்ன தூரிகைகள். சுவரோரம் கண்ணாடிப் போத்தல்களில் பொடி நிறங்கள். ஒரு தட்டில் இருபது முப்பது கண்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் ஒரே திசையில் பார்த்தன. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பிய பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இடது கண்ணில் கறுப்புப் பட்டை. மடியில் என் மைக் பெட்டி.

"இந்தா, ஒன் வயரு," என்று நீட்டினாள். "என்னோடத குடு."

கொடுத்தேன். கண் செய்பவர் அதை வாங்கி விளக்கின் கீழ் பிடித்தார். ஒரு முறை திருப்பினார்.

"போச்சு."

"மேல பாலிஷ் போட்டா சார்..." என்றேன்.

"நெறம் வரைக்கும் எறங்கிருச்சும்மா. அச்சு எங்கிட்ட இருக்கு, புதுசாத்தான் செய்யணும். பதினாறு நாள்."

"செலவு நான் குடுத்துடறேன் சார்."

"அது கெடக்கட்டும். நாளைக்கு என்ன பண்றது?"

அவள் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் பேருந்து நடத்துநர் என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். கண்ணில் கட்டி வந்து மூன்று மாதம் முன்பு எடுத்துவிட்டார்களாம். வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். நாளைக்குப் போகாவிட்டால் அவளுடைய தடத்தை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். இவளுக்கு ஸ்டோர் ரூம்.

"ஸ்டோர் ரூம்ல டயரோட ஒக்காந்திருக்கணும்," என்றாள் அவள். "டயருக்கிட்ட நான் என்னத்தப் பேச?"

"அக்கா, என்ன மன்னிச்சிடுங்க."

"என்ன சொன்னே? கேக்கல."

"மன்னிச்சிடுங்க."

"மன்னிக்கறதெல்லாம் அப்புறம். ஒன்னப் பார்த்தா அடிக்கணும்போல இருக்கு. ஆனா ஒன் கையும் காலும் இருக்கற லட்சணத்தப் பார்த்தா அடி தாங்கமாட்டே."

அவர் தட்டிலிருந்து ஒரு கண்ணைத் தேர்ந்தெடுத்தார். ஆயத்தமாகச் செய்து வைத்தவற்றில் அதுதான் அவள் நிறத்துக்கு நெருங்கியது என்றார். பதினாறு நாள் இதைப் போட்டுச் சமாளிக்கலாம்.

அவள் பட்டையை அவிழ்த்தாள். நான் தலையைக் குனிந்தேன்.

"நிமிரு," என்றாள். "பாரு. நாளைக்கு நூறு பேரு பார்ப்பாங்க. நீயே பார்க்கலேன்னா எப்படி?"

பார்த்தேன். இமைகள் உள்ளே ஒட்டி, அந்த இடம் ஒரு மூடிய வாய் போல இருந்தது. பார்வையை எடுக்கவில்லை. தினம் முந்நூறு ஊசி குத்துவதைப் பார்க்கிறவள் நான். இதைப் பார்ப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவள் கண்ணைப் பொருத்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதமா இருக்கு," என்றார் அவர். "ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு."

என் வேலையே நிறம் பார்ப்பதுதான். குழாயில் ஒரு சொட்டு நிறம் மாறினால் எழுதி வைக்க வேண்டும். அவளுடைய சொந்தக் கண் அடர்ந்த பழுப்பு. இது ஒரு படி வெளுப்பு. பார்வையும் கொஞ்சம் மேலே போயிருந்தது. 'நல்லா இருக்கு' என்று சொன்னால் போதும். அவர்கூட என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார்.

"தெரியுதுக்கா," என்றேன்.

அவர் கையிலிருந்த தூரிகை மேசையில் உருண்டது. "ஏம்மா! ஒனக்கு வாயே இல்லேன்னு நெனச்சேன்!"

அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். முகம் இறுகியிருந்தது. "எவ்வளவு தூரத்துல தெரியுது?"

எழுந்து பின்னால் நடந்தேன். ஒவ்வோர் அடியாக நின்று பார்த்தேன். முதுகு சுவரில் இடித்தது.

"எட்டடில தெரியல. அஞ்சடில தெரியுது."

"பஸ்ஸுல அஞ்சடி தள்ளி யாரு நிக்கறா?" அவள் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் உதடு கோணியது. "மூணு மாசமா எங்க வீட்ல எல்லாரும் ஒண்ணும் தெரியல, ஒண்ணும் தெரியலன்னே சொல்றாங்க. எதிர்ல ஒக்காந்து சாப்பிடவும் மாட்டேங்கறாங்க."

அந்தக் கண்ணைக் கழற்றித் தட்டில் வைத்தாள். பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். முடிச்சு கோணலாக விழுந்தது. சரி செய்யவில்லை.

"இது வேணாம் சார். இதப் போட்டா ஒவ்வொருத்தனும் எங்கயோ இடிக்குதேன்னு உத்து உத்துப் பார்ப்பான். பட்டைன்னா ஒருதடவ பார்ப்பான், முடிஞ்சிரும்."

"பயமா இல்லியா?" என்று அவர் கேட்டார்.

"பயமில்லாம என்ன?"

அவள் எழுந்து மேசைக்கும் சுவருக்கும் நடுவில் கால்களை அகட்டி நின்றாள். ஒரு கை மேலே இல்லாத கம்பியைப் பிடித்தது. மூச்சை இழுத்தாள்.

"டிக்கெட்! டிக்கெட்! உள்ள போங்க, உள்ள போங்க, வழிய விடுங்க!"

போத்தல்கள் அதிர்ந்தன. நான் காதைப் பொத்திக்கொண்டு துள்ளிவிட்டேன். கீழே மருந்துக் கடையிலிருந்து யாரோ "என்னாச்சு?" என்று மேலே பார்த்துக் கேட்டார்கள்.

அவள் என்னை நோக்கி விரலை நீட்டினாள்.

"இப்ப எதப் பார்த்தே? பட்டையவா, வாயவா?"

"வாய," என்றேன்.

"சரி," என்று பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "அஞ்சு மணிக்கு முதல் வண்டி. நான் போறேன், சீக்கிரம் தூங்கணும்."